ஒற்றை எருதும் கிணற்று வழக்கும்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், முன் சீட்டு விவசாயி பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த பயணியிடம் சொன்னார்: "எங்க வக்கீலு கேசுக்கட்டத் தொடவே இல்லீங்க. எருதத்தான் கேட்டாரு."

"எருதயா?"

"தம்பியும் நானும் பாகம் பிரிச்சப்ப, சோடி எருதுல ஆளுக்கு ஒண்ணு ஓட்டிக்கிட்டோம். அப்புறம் கெணத்துக்குச் சண்டை. 'கேசு போடறேன். மொதல்ல ஒத்தை எருத கெணத்துக் கவலை ஏத்தத்துல பூட்டி, ஒரு சால் தண்ணி எறச்சுக் காட்டுங்க'ன்னாரு."

"எறச்சீங்களா?"

"எங்கீங்க எறைக்கறது? ரெண்டும் சேந்து இழுத்தாத்தானே சால் மேல வரும். மறுநாளே சோடி சேத்துட்டோம்."

"கெட்டிக்காரருதானுங்க!"

"இப்பவும் அவருகிட்டத்தான் போறோம். பக்கத்துக் காட்டு நெலத்தைக் கிரயம் பண்றோமுங்க. அவரு பத்திரத்தப் படிச்சுப் பாக்காம நாங்க கைநாட்டு வெக்கறதில்லீங்க."

"தம்பி வரலீங்களா?"

விவசாயி, தன் மறுதோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரை மெல்லத் தட்டினார்.

"டேய் சின்னவனே, எந்திரி. நாமக்கல் வந்துருச்சு."