டைட்டான பேண்டு

நேற்று சீவலப்பேரியிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், கல்யாண வீடுகளில் வாசிக்கும் பேண்டுக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணாச்சி, நம்ம வீடியோவுக்குக் கீழ வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ‘வெரி டைட் பேண்டு’ன்னு எழுதியிருக்கான்.”

பெரியவர் பதறிப்போனார். “ஏலே, நான் குடிய விட்டு ஒரு வருசமாச்சே! டைட்டுன்னு எப்படி எழுதலாம்?”

“அவங்க ஊர்ல டைட்டுன்னா போதை இல்ல. எல்லாரும் பிசகாம ஒண்ணாச் சேந்து வாசிக்கோம்னு பாராட்டுதான்.”

“அது இப்ப நமக்குத் தெரியும். நாளைக்குக் கல்யாணம் வச்சிருக்க பொண்ணோட அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவரு பாளையங்கோட்டையில இங்கிலீசு வாத்தியார்லா. தெரியும்.”

அப்போது அந்த வாத்தியாரே போனில் கூப்பிட்டார். பெரியவர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். “சரிங்க சார், சரிங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

“என்ன சொல்லுதாரு?”

“அவருக்கு அர்த்தம் தெரியுமாம். அதப் படிச்ச மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் நம்ப மாட்டேங்காங்களாம். நாளைக்கு நம்மள மொதல்ல ஊதிக் காட்டச் சொல்லுதாங்க.”

“காட்டிருவோம். என்ன பாட்டு?”

“பாட்டு இல்லலே. மாப்பிள்ளையோட மாமா போலீசாம். அவரு மூக்குக்கு நேரா ஊதணுமாம்.”