பாஸாக வைத்த பூசை

"சாமி கும்பிட்டதாலதான் எம் மக கணக்குல பெயிலானா."

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றீங்க?"

"புள்ளைங்க ஓ.எல். சோதனை பாஸாகணும்னு தோட்டத்துக் கோயில்ல பூசை வச்சாங்கல்ல. கோயிலு மேல, ஸ்கூலு கீழ. கணக்கு பேப்பர் அன்னைக்குக் காலையில இருந்து ஸ்பீக்கர்ல பாட்டு. டீச்சர் ஆள் அனுப்பிச் சொல்லியும் நிப்பாட்டல."

"ஏனாம்?"

"பூசையப் பாதியில நிப்பாட்டினா புள்ளைங்களுக்கு ஆகாதாம்."

"நேத்து ரிசல்ட்டப் பத்தி ஸ்கூல்ல மீட்டிங் வச்சாங்களே, அங்க கேட்டிருக்கலாமே?"

"எங்க பேச விட்டாங்க? வந்தவங்க எல்லாரும் டீச்சர்மாரத்தான் ஏசினாங்க. அவங்களுக்கு அக்கறை இல்லையாம். புள்ளைங்க போனும் கையுமா கெடக்குதுங்களாம். கோயில் தலைவருதான் ரொம்ப நேரம் பேசினாரு."

"மக மறுபடி எழுதுறாளா?"

"எழுதத்தான் போறா. அதுக்கும் சேத்து மீட்டிங்ல முடிவு எடுத்துட்டாங்க."

"என்ன முடிவு?"

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. அவர் மடியில் இருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவ ஒரு நாள் பூசை பத்தலையாம். இந்தத் தடவ சோதனை முடியிற வரைக்கும் தெனமும் பூசை. ஸ்பீக்கர ஸ்கூல் பக்கமாத் திருப்பிக் கட்டப் போறாங்க. எழுதுற புள்ளைங்களுக்கு மந்திரம் நல்லாக் கேக்கணுமாம்."