செவ்வாய்க்கிழமைப் புறாக்கள்

— அதைத்தான் கேக்குறேன் ஷிஹாப், அந்த டப்பாவுல என்ன?

— ரொட்டி. கத்தாதே சுந்துஸ். சாப்பாட்டுக் கூடத்து மிச்சம்.

— மிச்ச ரொட்டியோட விடுதி மொட்டைமாடியில உனக்கு என்ன வேலை?

— நீ மட்டும்? எதிர்க் கட்டடத்து ஜன்னல்ல உக்காந்து புறா எண்ணுற ஆளாச்சே.

— நாளைக்கு ஆராய்ச்சிக் கண்காட்சி. என் பலகைக்கு ஒரு படம் வேணும், கிட்டத்துல எடுக்கலாம்னு எண்ணுறதை மத்தவங்க கையில விட்டுட்டு ஏறி வந்தேன். டேய், சாய்க்காதே! கொட்டிட்டியா?

— கொட்டியாச்சு. அதோ, விருந்தாளிங்க வந்துட்டாங்க.

— எத்தனை நாளா நடக்குது இது?

— பதினோரு வாரமா. வாரத்துக்கு ஒரே நாள், செவ்வாய்க்கிழமை.

— செவ்வாய்க்கிழமையா! அல்லாவே, என் தலையில கல்லைப் போட்டுட்டியே!

— நிதானமா சொல்லு. எந்தக் கல்லு?

— என் பலகையோட தலைப்பு தெரியுமா? ‘கைரவான் நகரப் புறாக்களுக்குக் கிழமை தெரியுமா?’ மத்த நாள் இந்த மாடியில முப்பது, நாப்பது. செவ்வாய் மட்டும் இருநூறு! ஏன்னு தெரியாம காத்தை அளந்தேன், வெயிலை அளந்தேன், சந்திரன் எங்க நிக்குதுன்னுகூடப் பாத்தேன்டா.

— சந்திரனையா?

— சிரிச்சே, அந்த டப்பாவை உன் தலையில கவுப்பேன். நாளைக்கு ஜெயிக்கிற பலகை துனிஸ் மாநாட்டுக்குப் போகும். மருந்தியல் கிடைக்காம விலங்கியலுக்கு வந்தவள்னு எங்க வீட்டுல இன்னும் துக்கம் காக்குறாங்க. எங்கம்மா ஒரு தட்டு மக்ரூத் இனிப்போட ஹஃபூஸ்லேருந்து பஸ் ஏறி வராங்க. அவங்க முன்னாடி நின்னு என்ன சொல்றது? புறாவுக்குக் கிழமை தெரியாதும்மா, ஷிஹாபுக்குத்தான் தெரியும்னா?

— நிதானமா கேளு. நான் பொருளாதாரம். செவ்வாய்க்குச் செவ்வாய் சாப்பாட்டுக் கூடத்துல ரொட்டி எவ்வளவு வீணாகுதுன்னு எடை போடுறது என் ஆராய்ச்சி. எடை போட்டதும் கழிச்சுடணும்னு விதி.

— குப்பையில போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

— நீ போடுவியா?

— நானா...

— சொல்லு. தெருவுல ஒரு துண்டு கிடந்தாலே எடுத்து முத்தம் குடுத்து மதில் மேல வைக்கிறவ நீ. பன்னண்டு கிலோ ரொட்டியைக் குப்பையில கொட்டுவியா?

— மாட்டேன்.

— அதான் உசரமான இடமாத் தேடினேன். இந்தக் கல்லூரியில இதைவிட உசரம் கிடையாது.

— இந்தத் தண்ணித் தொட்டி மட்டும் மறைக்கலேன்னா முதல் வாரமே உன்னைப் பாத்திருப்பேன்.

— என்னைத் திட்டாதே, திட்டணும்னா ரொட்டியை வீணாக்குற இந்த மகாராணியைத் திட்டு. பாரு இதை. என் பலகைக்குப் படம் எடுக்கத் தனியா வச்சேன். முழு ரொட்டி, உள்ள காரமா ஹரிஸா மிளகாய் விழுது, ஓரத்துல ஒரே ஒரு கடி! செவ்வாய்க்குச் செவ்வாய் இப்படித்தான் வச்சுட்டுப் போறா. ஆள் மட்டும் கையில மாட்டட்டும்.

— என் ஆராய்ச்சியே போச்சு, உனக்குக் கடிதான் பெருசாப் போச்சா?

— யாரு மேல சத்தம் போடுறது? அம்மாடி, நாலு மாடி! பிள்ளைங்களா, முதல்ல எனக்கு மூச்சு வரட்டும்.

— பஹீஜா மேடம்! நீங்கதானே என் வழிகாட்டி, நீங்களே கேளுங்க. நம்ம புறாவுக்குப் பதினோரு வாரமா இவன் ரொட்டி போட்டிருக்கான்.

— செவ்வாய்க்கிழமையிலயா?

— ஆமா மேடம். ஐயோ, நீங்களும் சிரிக்கிறீங்களே!

— சிரிக்காம என்ன செய்ய, கண்ணு? பூமியோட காந்தமாத்தான் இருக்கும்னு நான் நாலு புத்தகம் வரவழைச்சுப் படிச்சுட்டேன். தம்பி ஷிஹாப், எண்ணினியா? எடையெல்லாம் எழுதி வச்சிருக்கியா?

— கிராம் சுத்தமா, மேடம்.

— அப்போ நீ ரொட்டியைப் படி. சுந்துஸ், நீ புறாவைப் படி.

— முதல் வாரம் நாலு கிலோ.

— அறுபது புறா.

— அஞ்சாம் வாரம் எட்டு.

— நூத்தி முப்பது.

— போன வாரம் பன்னண்டு.

— இருநூத்திப் பத்து... மேடம்!

— தெரியுதா? ரொட்டி ஏற ஏறப் புறா ஏறுது. ரெண்டு பலகையையும் ஒட்டி வைங்க. ரொட்டியிலேருந்து புறாவுக்கு ஒரு அம்பு போடுங்க. இப்படி ஒண்ணு நாளைக்கு வேற எவன்கிட்டயும் இருக்காது.

— ஷிஹாப்! துனிஸ்டா! எங்கம்மா மக்ரூத்துல பாதி உனக்கு!

— நிதானம், நிதானம். என் ரொட்டி இல்லேன்னா உன் புறா இல்ல. பலகையில என் பேருதான் முதல்ல.

— புறா இல்லேன்னா உன் ரொட்டியை எவன் திரும்பிப் பாப்பான்?

— சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. தம்பி, ஒண்ணு இடிக்குதே. ரொட்டி ஏன் ஏறுது? நாலு கிலோ எப்படிப் பன்னண்டு ஆச்சு?

— செவ்வாய்னா கூஸ்கூஸ், மேடம். கூஸ்கூஸ் இருந்தா யாரு ரொட்டியைத் தொடுறா?

— இன்னிக்கு நானும் அங்கதான் சாப்பிட்டேன். மக்ரோனி.

— அப்போ... தெரியல, மேடம். என் ஆராய்ச்சியில அது ஒண்ணுதான் ஓட்டை. எல்லாம் இந்த மகாராணி ரொட்டி மாதிரிதான், தொட்டும் தொடாம. ஏதோ தீப்பிடிச்ச மாதிரி எழுந்து ஓடியிருக்காங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஒரு படையே.

— குடு அந்த ரொட்டியை. ம், சின்ன வாய். பொண்ணுதான். சுந்துஸ், ஏன் பின்னால நகர்ந்துக்கிட்டே போறே? வெளுத்துப் போயிட்டியே.

— மேடம், செவ்வாயில புறா கூடிப்போச்சு, ஒருத்தியா எண்ண முடியலேன்னு நான் ஆள் சேத்தேன்ல?

— ஆமா, எண்ணினியான்னு கேட்டா முப்பது பேர் எண்ணுறோம்னு பெருமையாச் சொன்னியே.

— எங்களுக்கு வகுப்பு முடியறதே ஒரு மணிக்கு. ஒன்றரைக்குள்ள அவங்கவங்க ஜன்னலுக்குப் போயாகணும். தட்டை வாங்கி வச்சு ஒரு வாய் எடுக்குறதுக்குள்ள மணி ஆயிடும், மேடம்...

— சுந்துஸ், நீ என்ன சொல்ல வர்றே?

— ஒரு அம்பு பத்தாது, ஷிஹாப். புறாவிலேருந்து ரொட்டிக்கும் ஒண்ணு போடணும். உன் பேரையே முதல்ல போட்டுக்கோ, ஆனா அடிக்க மட்டும் வராதே... அந்தக் கடி என்னுது.