‘தாலாட்டு’ என்று எழுதிய கைகள் ஆசிரியை நேசம்மாவுக்கு வரையும் மடல்

செராயா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி, இந்த 1992ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெறும் ஆசிரியை திருமதி நேசம்மா சண்முகரத்தினம் அவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடைபெறும் பிரியாவிடை விழாவில் உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் வாசித்தளிப்பது.

அன்னைத் தமிழின் அருந்தவப் புதல்வியே! ஆசிரியக் குலத்தின் அணையா விளக்கே! கனிவும் கண்டிப்பும் கைகோத்து நடந்த கலைமகளே! எண்ணையும் எழுத்தையும் ஏழைப் பிள்ளைகளின் இதயத்தில் ஏற்றி வைத்த ஏணியே!

இந்த அளவில் நிறுத்திக் கொள்கிறோம், டீச்சர். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கிவிட்டோம். கை பழகிப் போய்விட்டது. பிரிவு விழா என்று நாங்கள் பேச்செடுத்த அன்றைக்கே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: “மடல் ஒண்டும் வேண்டாம். எழுதித்தான் ஆகவேணும் எண்டா வடிவா எழுதாதேங்கோ. உண்மையா எழுதுங்கோ.” வடிவு என்றால் உங்கள் யாழ்ப்பாணத் தமிழில் அழகு. அழகாக எழுதி எழுதி எங்கே கொண்டு போய் விட்டோம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களில் எழுத உட்கார்ந்த அய்யாவு ‘கலைமகளே’ என்ற சொல்லை மூன்று தாளில் அடித்துவிட்டு, நான்காம் தாளிலும் அதையே எழுதி வைத்தார். பழக்கதோஷம்! மன்னித்துக் கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சிலிருந்து இருட்டோடு கிளம்பி, மினி பஸ் ஏறி, அது நின்ற இடத்தில் தோட்டத்து லோரி பிடித்து, முதல் மணிக்கு முன்பே கரும்பலகையைத் துடைத்து வைத்தவரே! எங்கள் பள்ளியைப் பார்த்திராதவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். விமான நிலையத்து வேலிக்கும் எங்கள் திடலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான் இருந்தது. விமானம் இறங்கும்போது கூரைத் தகரம் கிடுகிடுக்கும், மைக்கூடு மேசையில் நகரும். அப்போதெல்லாம் சாக்குக்கட்டி பிடித்த கையை நீங்கள் மேலே உயர்த்துவீர்கள். வகுப்பே வாயை மூடிக் காத்திருக்கும். ‘மரங்கொத்தி’ என்ற சொல்லில் ‘மரங்’ வரை வந்து நின்று, ஓசை அடங்கியதும் ‘கொத்தி’ என்று தொடர்ந்தவர் நீங்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் சண்டை போடும்போதுகூடப் பாதியில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து ஏசுவார்கள் என்று தாய்மார்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அந்தப் பிள்ளைகள் தேர்வில் பின்தங்கியபோது மட்டும் சிரிக்க முடியவில்லை.

கிள்ளான் முதல் காஜாங் வரை கோயில் திருவிழாவா, சங்க ஆண்டு விழாவா, மணிவிழாவா, எதுவானாலும் மடல் உங்கள் கையால் வர வேண்டும் என்று வீடு தேடி வந்தவர்கள் உண்டு. பள்ளிக்கு விருந்தினர் வந்தால் மட்டும் அது ஆசிரியர் அறையின் கூட்டு வேலை. தேநீரும் பிஸ்கட்டும் நடுவில் இருக்க, ஆளுக்கொரு வரியைத் தூக்கிப் போடுவோம். ஒருவர் மோனையை அடிக்க, மற்றவர் எதுகையால் திருப்பி அடிக்க, பூப்பந்து விளையாட்டுத்தான்! எல்லாவற்றையும் கோத்து முத்து முத்தாக எழுதுவது நீங்கள். கீழே ‘இங்ஙனம், ஆசிரியர் பெருமக்கள்’ என்று ஒரே வரி. ஆளாளுக்குப் பெயர் போடும் வழக்கமில்லை. அது எவ்வளவு வசதியான வழக்கம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

1985ஆம் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு விமான நிலைய விரிவாக்கக் குழுவின் தலைவர் வந்தார். வகுப்பறைகளுக்கு மின்விசிறி தந்தவர். “பெரிய ஆளு, நல்லா எழுதிடுங்க” என்றார் அன்றைய தலைமையாசிரியர். எழுதினோம், டீச்சர். அந்த வரிகளை இங்கே திரும்பச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

“விண்ணதிர வரும் வானூர்தியின் ஓசை எம் வகுப்பறைக்கு வீணையன்றோ! அது எம் திடலில் வீழ்த்தும் நிழல் விண்ணவர் விரிக்கும் குடையன்றோ! தலைக்கு மேல் தாழப் பறக்கும் அதன் தண்ணொலி எம் தளிர்களுக்குத் தாலாட்டன்றோ!”

தாலாட்டு என்ற சொல் வந்தபோது நீங்கள் பேனாவை நிறுத்தினீர்கள். “இது கொஞ்சம் கூடிப்போச்செல்லே?” என்றீர்கள். நாங்கள் என்ன சொன்னோம் என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. “மடல்தானே டீச்சர்! யாரு லா இதையெல்லாம் நம்பப் போறா?” நீங்கள் எழுதினீர்கள். வாசித்தபோது கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. நடுவில் ஒரு விமானம் போனது. அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

மூன்று ஆண்டு கழித்து ஓடுபாதை நீளப் போவதாக அறிவிப்பு வந்தது. திடலும் பள்ளியும் வாய்க்காலை ஒட்டிய வீடுகளும் அதற்குள் போய்விடும் என்றார்கள். குடியிருப்போர் சங்கம் உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டு வழக்குப் போட்டது. சங்கத் தலைவர் லோரி ஓட்டுநர் நாகையா. வழக்கை நடத்தியவர் இதே பிரிக்பீல்ட்சில் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் ராமசுப்பிரமணியன். இப்போதிருக்கும் சத்தத்திலேயே பிள்ளைகள் படிக்க முடியவில்லை, வீடுகளில் தூங்க முடியவில்லை. ஓடுபாதை நீண்டால் பெரிய விமானங்கள் வரும், ஊரே போய்விடும் என்பதுதான் வழக்கு. அதைச் சொல்லப் பள்ளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நீங்கள் போனீர்கள். நாங்கள் அரசாங்க ஊழியர்கள். ஆனால் நீங்களும் அரசாங்க ஊழியர்தான். எங்களுக்கு இருந்த பென்ஷன் கவலையும் மாற்றல் பயமும் உங்களுக்கும் இருந்தன. அதைச் சொல்லித் தப்பிக்க எங்களுக்கு வாயில்லை.

சாட்சிக் கூண்டில் தனியே நின்றவரே! பள்ளி விடுமுறை என்பதால் உங்களுக்குத் துணையாக நாங்கள் வந்திருந்தோம். துணை! கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் பேசும்போது நடுநடுவே பாதி வாக்கியத்தில் நின்றீர்கள். உடம்பு சரியில்லையா என்று நீதிபதி கேட்டார். “விமானம் போகட்டும் எண்டு நிண்டனான், ஐயா. இது கோர்ட் எண்டதை மறந்துபோனன்” என்றீர்கள். சபை சிரித்தது, நீதிபதி சிரிக்காமல் குறித்துக் கொண்டார். வழக்கு நம் பக்கம் வந்துவிட்டது என்று நாகையா எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். நம்முடைய மடல்! தங்கநிற ஓரம், மூலையில் ஒட்டிய தாமரை, எல்லாம் அப்படியே இருந்தன. மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் படித்துச் சொன்னார். ‘மடல்’ என்பதற்கு அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘சான்றிதழ்’ என்று சொல்லிவிட்டார். விமானச் சத்தம் பிள்ளைகளுக்குத் தாலாட்டாக இருக்கிறது என்று பள்ளியே சான்றிதழ் கொடுத்திருக்கிறது! “சான்றிதழ் இல்லை ஐயா, மடல்” என்றீர்கள். என்ன வித்தியாசம் என்று கேட்டார் வழக்கறிஞர். “மடல் எண்டா வந்தவரைச் சந்தோசப்படுத்த எழுதுறது. அதில இருக்கிறது முழுக்கப் பொய்” என்றீர்கள்.

இதில் கையொப்பம் ‘ஆசிரியர் பெருமக்கள்’ என்று இருக்கிறதே, யார் யார் அவர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. நீங்கள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினீர்கள், டீச்சர். கெஞ்சும் பார்வை இல்லை அது. வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு யாராவது கையைத் தூக்குவார்களா என்று பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. எங்களில் ஒருவர் செருப்பு வாரைச் சரி செய்தார். ஒருவர் கைப்பைக்குள் எதையோ தேடினார். ஒருவருக்கு இருமல் வந்தது. நீங்கள் மறுபடி நீதிபதியைப் பார்த்துச் சொன்னீர்கள்: “நான் ஒராள்தான் ஐயா. நான்தான் எழுதினனான்.”

விருந்தினரிடம் பொய் சொன்னவர் நீதிமன்றத்தில் மட்டும் உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். “இண்டைக்கு என்னை ஒருத்தரும் வடிவாச் சொல்லச் சொல்லேல்லை, ஐயா” என்றீர்கள்.

மறு வாரம் ராமசுப்பிரமணியன் நம் ஆசிரியர் அறைக்கு வந்தார். நீதிபதி தவணை கொடுத்திருக்கிறார் என்றார். “ஒரு ஆளாச்சும் வந்து சொல்லுங்க லா. ‘நாங்களும் சேந்துதான் எழுதுனோம், சும்மா அலங்காரத்துக்கு எழுதுனது’ன்னு. அது போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்” என்று கேட்டார். எங்களில் தங்கமணிக்கு வீட்டுக் கடன் அப்போதுதான் கிடைத்திருந்தது. கார்த்திகேசுவுக்குக் கடல் தாண்டிய சபா மாநிலத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம். அய்யாவு தலைமையாசிரியர் பதவிக்கு மனுப் போட்டிருந்தார். “யோசிச்சுச் சொல்றோம் சார்” என்றோம். அவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்ததே நீங்கள்தான். எங்கள் பதிலைக் கேட்டுக்கொண்டே சர்க்கரை போட்டீர்கள்.

யோசித்தோம். தவணை தீர்ந்தது. பள்ளி மனமுவந்து தந்த சான்று இருக்கிறது, அதை மறுப்பவர் ஒருவர் மட்டுமே என்று தீர்ப்பு வந்தது, வழக்குத் தள்ளுபடி. வாய்க்காலோரத்து வீடுகள் இடிந்தன. அங்கிருந்தவர்களை அடுக்குமாடியில் கொண்டு போய்ப் போட்டார்கள். நம் பள்ளி இப்போது இன்னொரு பள்ளியின் நான்கு அறைகளில் இரவல் குடித்தனம் நடத்துகிறது. வீடு இடித்த அன்று நாகையா சட்டி பானையைத் தம் லோரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். வழியில் நின்ற எங்களிடம், “எம் மவ ராவெல்லாம் அலறிக்கிட்டு எந்திரிப்பாளே சார், அதையா தாலாட்டுன்னு எழுதுனீங்க?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பொறுமையின் சிகரமே என்று எழுத வந்தது, எழுதவில்லை. நீங்கள் பொறுமையாக இருந்தீர்களா, எங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று இருந்தீர்களா, தெரியாது. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம், டீச்சர். ஆசிரியர் அறையில் வழக்கம்போலச் சிரித்துப் பேசினீர்கள், எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு வந்தீர்கள், மொய் எழுதினீர்கள். மடல் மட்டும் எழுதவே இல்லை. கிள்ளானிலிருந்து காரில் வந்து கேட்டவர்களிடம்கூட, “எனக்கு இனி அது வராது” என்று அனுப்பி வைத்தீர்கள். இரவல் பள்ளிக்கு மேலே விமானம் வருவதில்லை. ஆனாலும் நீங்கள் சில நேரம் பாதிச் சொல்லில் கையைத் தூக்கிவிட்டு, பிறகு மெல்ல இறக்கிக் கொள்வீர்கள். நாங்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவோம்.

நூறாண்டு வாழ்க என்று ஊரெல்லாம் உங்களை வாழ்த்தட்டும். அது எங்கள் வாழ்த்தும்தான். ஆனால் எங்கள் வாயிலிருந்து வரும் வாழ்த்தை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கத் துணிவில்லை. காலையில் அவசரமில்லாமல் எழுந்து, காப்பியைச் சூடு ஆறுமுன் குடித்து, நினைத்ததை நடுவில் நிறுத்தாமல் பேசி முடிக்க உங்களுக்கு நிறைய நாள் கிடைக்கட்டும். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் ‘அதுக்கென்ன, பரவாயில்லை’ என்று சொல்லிவிடுவீர்கள். அந்தச் சுலபம் எங்களுக்கு வேண்டாம்.

இந்த மடலின் கீழே ‘ஆசிரியர் பெருமக்கள்’ என்ற வரி இல்லை. அவரவர் பெயரை அவரவர் கையால் எழுதியிருக்கிறோம். அன்றைய தலைமையாசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். கையொப்பம் கேட்டனுப்பினோம், பதில் இல்லை. இன்றும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்போம். ஒருமுறை திரும்பிப் பாருங்கள், டீச்சர்.

தங்கமணி. ‘வீணை’ நான் கொடுத்த வரி.

கார்த்திகேசு. ‘குடை’ நான் கொடுத்தது.

சிவகாமி. வரி ஏதும் கொடுக்கவில்லை. விழாவில் கைதட்டினேன். கோர்ட்டில் கைப்பைக்குள் தேடியது நான். அதில் ஒன்றுமில்லை.

புஷ்பவல்லி. வழக்கு முடிந்த பிறகு வேலைக்கு வந்தேன். அன்று இருந்திருந்தால் எழுந்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அய்யாவு. ‘தாலாட்டு’ என்னுடையது. யார் நம்பப் போகிறார்கள் என்று சொன்னதும் நான்தான்.