மூன்று விநாடி

எனக்குக் கூச்சம் அதிகம். கூட்டத்தில் யாராவது சிரித்தால் காது மடல் சூடாகிவிடும். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

பெரம்பலூரில் பேட்டரிப் பெட்டி செய்கிறேன். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வீட்டில் வைத்திருக்கும் ஆக்சிஜன் மிஷின், கரண்ட் போனாலும் நிற்காமல் ஓடுவதற்கான பெட்டி. பட்டனை அமுக்கும்போதும், போன கரண்ட் திரும்பும்போதும் உள்ளே காலியாகக் கிடக்கும் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் டப்பிகள், கரண்ட்டை ஒரே மடக்கில் குடிக்கப் பார்க்கும். அந்த வேகத்தை ஃபியூஸ் பல நாள் தாங்காது. அதனால் வழியில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தேன். குழாயை மெல்லத் திறப்பதுபோல் மூன்று விநாடி எடுத்துக்கொண்டு அது முழுவழி விடும்.

பன்னிரண்டு பெட்டிகளை ஓர் அறக்கட்டளை இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. தலைவர் அரங்கநாதன் ஐயா. ரிப்பன் வெட்டவும் பட்டன் அமுக்கவுமே விரல் படைக்கப்பட்டவர். பாடாலூர் மண்டபத்தில் விழா. அதற்கு முந்தின நாள் அமுக்கிப் பழக வந்தார். அமுக்கினார். பெட்டியில் விளக்கு எரியவில்லை. போட்டோகிராபர் சிரித்துவிட்டார். பிறகு எரிந்தது.

“என்ன தம்பி, நான் அமுக்குனா ஒங்க பெட்டி யோசிச்சுட்டு எரியுது?”

காது சூடானது. அன்று மாலையே பன்னிரண்டிலும் டிரான்சிஸ்டரைத் தாண்டி கரண்ட் நேராகப் பாயும்படி ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்தேன்.

“சார், ஐயா ஒருதடவதான் அமுக்குவாரு. கரண்ட்டு நூறு தடவ போயிட்டு வரும்” என்றாள் என்னிடம் வேலை பார்க்கும் கலைமணி.

விழா முடிந்ததும் கம்பியை எடுத்துவிடலாம் என்றேன். முடிந்ததும் அறக்கட்டளை ஆட்களே வீடு வீடாகப் போய் மிஷினை மாட்டி, ஐயா படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிப் பெட்டிகளை மூடிவிட்டார்கள். மிஷினின் பிளக்கும் அந்த ஸ்டிக்கருக்கு உள்ளே.

பத்தொன்பதாம் நாள் அரியலூரிலிருந்து ஜானகியம்மா போன் செய்தார். கரண்ட் வந்ததும் பெட்டி படக்கென்று நின்றுவிட்டதாம். கணவர் சாமிக்கண்ணுவுக்கு உதடு நீலமாகிறதாம்.

“ஸ்டிக்கரக் கிழிச்சு, பிளக்க செவுத்துல சொருவட்டுங்களா சார்?”

சொருகியிருந்தால் மிஷின் ஓடியிருக்கும். ஆனால் கிழித்தால் கம்பி தெரியும்.

“வேணாம்மா. பட்டன அமுக்கிக்கிட்டே இருங்க, வந்துடறேன்” என்றேன்.

முக்கால் மணி நேர வழி. நான் போனபோது சாமிக்கண்ணு அடங்கிவிட்டிருந்தார். அந்த அம்மா பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. “நீங்க சொன்ன மாதிரியே அமுக்கிட்டு இருக்கேங்க சார்.”

யாரும் பார்க்காமல் கம்பியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். கலைமணி சரியாகப் பற்றவைக்கவில்லை என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தக் கம்பி இதோ, உங்கள் மேஜையில்.

வெட்கமாக இருக்கிறது சார். அந்த வெட்கத்தில்தான் மற்ற பதினோரு வீட்டுக்கும் இன்னும் சொல்லவில்லை. இன்று அங்கெல்லாம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போன கரண்ட் இரண்டு மணிக்கு வரும் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. இப்போது ஒன்றே முக்கால்.

போனைக் கீழே வையுங்கள் சார். நானாகத்தான் வந்து ஒப்புக்கொண்டேன் என்பதை முதலில் தெளிவாக எழுதுங்கள்.