ஆற்றுக்கு எந்தக் கரை

எங்கள் ஆய்வு மையம் எங்கே என்று கேட்டால் அருள்புரத்தில் யாருக்கும் தெரியாது, வக்கீலம்மா. எம்பிராய்டரி மெஷின் ஓடுகிற கட்டடத்தின் மாடி என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். கீழே ஓடுகிற சத்தம் தொந்தரவாக இருந்தால் ஜன்னலைச் சாத்துகிறேன். எனக்குப் பழகிவிட்டது. இந்தச் சத்தத்துக்கு மேல் உட்கார்ந்துதான் இத்தனை வருடமாகத் தெற்காசியாவைப் பற்றி யோசித்திருக்கிறேன்.

வேல்விழிக்காக வழக்குப் போடப்போவதாகச் சொன்னீர்கள். நல்லது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் பக்கத்துக்காரன்தான். பல்லடத்துக்கு மேற்கே அப்பாவுக்குத் தோட்டம். டெல்லியில் அயலுறவு படித்து டாக்டர் பட்டம் வாங்கினேன். கல்கத்தாவில் சில வருடம் இருந்து வங்காளம் பேசக் கற்றுக்கொண்டேன். நான் ஊர் திரும்பியபோது திருப்பூர் பனியன் முதலாளிகள் பயத்தில் இருந்தார்கள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்ற வெளிநாட்டுக் கோட்டா முறை முடியப்போகிறது, இனி பங்களாதேஷ் நம் ஆர்டரையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பேச்சு. அருள்புரத்தில் கம்பெனி வைத்திருக்கும் திருமூர்த்திதான் நாலு பேரைச் சேர்த்து இந்த மையத்தைத் தொடங்கிக் கொடுத்தார். "நமக்கு எதிரி யாரு, கூட்டாளி யாருன்னு எழுதிக் குடுங்க, டாக்டருங்க. டெல்லிக்காரங்களுக்குப் புரியறாப்பல எழுதோணும்" என்றார்.

நான் எழுதியது அவர் எதிர்பார்த்தது அல்ல. எதிரி யாருமில்லை என்று எழுதினேன். நூல் எல்லை தாண்டுகிறது, சாயம் தாண்டுகிறது, துணி தாண்டுகிறது. ஆள் தாண்டினால் மட்டும் குற்றம். அண்டை நாடுகள் ஒன்றுகூடி வேலை அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் யாரும் திருட்டுத்தனமாக எல்லை ஆற்றை நீந்த வேண்டியதில்லை, யாரும் சுடப்பட வேண்டியதில்லை. இதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். என்னைக் கெட்டவன் என்று எழுதுவதற்கு முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் ஒரு கருத்தரங்கில் இந்தக் கட்டுரையை வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ இடைவேளையில் ஒரு மூத்த அதிகாரி என்னை ஓரமாக அழைத்தார். வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் திருப்பூரில் அப்படி எல்லை தாண்டி வந்து வேலை செய்கிற ஒரு ஆளையாவது காட்டுங்கள், போலீஸ் உறுதிப்படுத்திய ஒரே ஒரு ஆள் போதும், மேலே கொண்டுபோகிறேன் என்றார். பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வந்து தேடினேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கினேன். வங்காளம் பேசியவர்கள் எல்லோரும் இந்தியர்களாகவே இருந்தார்கள். ஆய்வுக்கு அது பெரிய பின்னடைவு.

மினாருல் பழக்கமானது அப்போதுதான். திருமூர்த்தி கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பத்மா ஆற்றோரம் அவன் ஊர். அந்த ஆற்றின் மறுகரை வேறு நாடு. ஆறு கரையை அரித்து அரித்து அவர்கள் வீடு, நிலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது. ஊர்ப்பெயரைச் சொன்னால் அந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான். அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த வேல்விழியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் உசிலம்பட்டிப் பக்கம். அவளிடம் கற்றதால் அவன் தமிழும் தெற்கத்தித் தமிழாகவே இருந்தது. "வாங்க சார், சாப்ட்டீகளா" என்பான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். கடுகெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அந்த வீட்டில் தினமும் சண்டை நடக்கும், அவள்தான் ஜெயிப்பாள்.

இரண்டாயிரத்து எட்டில் வடக்கே எங்கோ குண்டு வெடித்தது. இங்கேயும் சோதனை நடந்தது. பங்களாதேஷ்காரர்களோ என்ற சந்தேகத்தில் அருள்புரத்தில் ஐந்து வங்காளிப் பையன்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். திருமூர்த்தி போன் செய்தார். "நம்ம பசங்களப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க பேசறது இங்க ஒருத்தருக்கும் வெளங்கலீங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

போனேன். நல்ல வெயில். இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார். எனக்கும் இவர்களுக்கும் நடுவில் நீங்கதான் பாலம் என்றார். ஒவ்வொருவனாகக் கேட்டு, மொழிபெயர்த்துச் சொன்னேன். நான்கு பேர் இந்தியர் என்றேன். அது உண்மை. என்னால் அந்த நான்கு பேரும் மாலைக்குள் வீடு திரும்பினார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மினாருல். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. பதற்றத்தில் வங்காளத்தில்தான் பேசினான். என் அம்மா கரைமேட்டில் குடிசை போட்டு இருக்கிறாள், இந்த சாருக்கே தெரியும் என்றான்.

"என்ன சொல்றான்? ஆத்துக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அந்தக் கரை என்கிறான்" என்றேன். "படகில் வந்ததாகச் சொல்கிறான்."

அவனுக்குத் தமிழ் புரியும் என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. "அப்படிச் சொல்லல சார்" என்றான். "நீங்க எங்கம்மாவப் பாத்தீக சார். பொரி தின்னீக."

"டாக்டர் பேசும்போது குறுக்க பேசாத" என்றார் இன்ஸ்பெக்டர். திருமூர்த்தி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "படிச்சவங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

பொரி விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஆய்வுக்காக முர்ஷிதாபாத் போயிருந்தேன். அவன் அம்மாவுக்கு ஒரு கம்பளி கொடுத்தனுப்பியிருந்தான். குடிசை இந்தக் கரையில்தான் இருந்தது. பொரியும் வெல்லமும் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். மகன் இளைத்திருக்கிறானா என்று கேட்டாள். இல்லை, நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்றேன்.

ஆகவே, எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், தெரியும்.

போலீஸ்காரர்கள் அவனை ரயிலில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வேல்விழி இங்கே வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நீங்கள் இப்போது இருக்கும் நாற்காலியைத்தான் காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்கதான் சொன்னீகன்னு சொல்றாக. நான் நம்பல சார்" என்றாள். "அவுக அம்மா கையால சாப்ட்டு வந்தவுக நீங்க. டேசன்ல வந்து இன்னொரு தடவ சொல்லுங்க. ஒங்க வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு."

இரண்டு நாட்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடக்கிறது, இந்த மாதிரி விஷயங்களில் அவசரப்படக் கூடாது என்று விளக்கினேன். முழுவதும் கேட்டாள். "அவுகள எங்க வச்சிருக்காக? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் இறங்கிப் போனாள்.

அப்புறம் தெரிந்தது. அவனுடைய அண்ணன் போன் செய்தான். திருப்பூரில் வங்காளம் தெரிந்த பெரிய மனிதர் அவர்களுக்கு நான் ஒருவன்தான். தம்பியை இந்தக் கரைக் காவலர்கள் ஆற்றுக்குள் இறக்கிவிட்டிருக்கிறார்கள், மறுகரைக் காவலர்கள் உன்னைத் தெரியாது என்று திருப்பி விரட்டியிருக்கிறார்கள், நடு ஆற்று மணல் திட்டில் நிற்கிறான், மீன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்று அழுதான். அம்மா கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னான். மழைக்காலம். திட்டு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டிருந்தது.

பார்க்கிறேன் என்றேன். மறுநாளும் கூப்பிட்டான். பார்க்கிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் எண் என்னிடம் இருந்தது, டெல்லி அதிகாரி எண்ணும் இருந்தது. எதையும் அழுத்தவில்லை. போலீஸ் உறுதிப்படுத்திய அந்த ஒரு ஆளோடு என் அறிக்கை அப்போதுதான் டெல்லியில் மேலிடத்துக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் நான் பேச்சை மாற்றினால் இனி இந்தப் பிராந்தியத்தைப் பற்றி நான் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவனா, இனி எல்லை தாண்டப்போகிற லட்சக்கணக்கானவர்களா என்று பார்த்தேன். அயலுறவில் உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

ஆற்றின் மேல்பக்கம் பெருமழை, ஆறு ஏறியது. பிறகு அண்ணன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பொய் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காப்பாற்ற முடிந்தும் இருந்துவிட்டேன் என்றும் எழுதுங்கள். ஆனால் அவன் வீணாகப் போய்விட்டான் என்று வேல்விழி நினைக்க வேண்டாம். அனுமதிச் சீட்டு இருந்திருந்தால் அந்த மனிதன் உயிரோடு இருந்திருப்பான் என்று அறிக்கையின் இரண்டாம் பதிப்பில் தனி அத்தியாயமே சேர்த்திருக்கிறேன். டெல்லியில் அதைப் படித்துக் கண்கலங்கியவர்கள் உண்டு. அவன் கதையை விவரமாக, ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். பெயரை மட்டும், அவனுடைய பாதுகாப்பைக் கருதி, மாற்றியிருக்கிறேன்.