நான் பொறுக்கிக் கொடுத்த மோட்டார்

இப்போதெல்லாம் யாரும் ஒரு சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. கைப்பேசியில் எவனோ நட்சத்திரம் போட்டிருந்தால் போதும். இல்லாவிட்டால் அடுத்தவன் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். நான் யாரையும் நம்பியதில்லை. என் தங்கச்சி தவமணியின் புருசன் ஜெயபாலன் என்னை நம்பினான்.

நாங்கள் ஈப்போவை ஒட்டின புந்தோங்காரர்கள். ஞாயிறுதோறும், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்ற பழைய ஈயக்குட்டையில், ரிமோட்டில் ஓடும் பொம்மைப் படகுப் பந்தயம் விடுவோம். என்னுடையது பெட்ரோல் இஞ்சின். தோட்டத்தில் ரப்பர் உருட்டும் மெஷினோடு கிடந்தவன் நான். படிப்பு இல்லை, காது உண்டு. போன தீபாவளிக்கு, வீடு நிறைய ஆள் இருக்கும்போது ஜெயபாலன் சொன்னான்: "மச்சான் இஞ்சினு இருமுதுலா. கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க." எல்லாரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள்.

பிறகு அவனே வந்தான், பேட்டரியில் ஓடும் தன் கரண்டு படகுக்கு பிரஷ்லெஸ் மோட்டார் பொறுக்கித் தரச் சொல்லி. நான் முதலில் தனியாக ஈப்போவுக்குப் போய்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். மோட்டாரில் போட்டிருக்கும் கே.வி. எண் பலத்துக்கு இல்லை, சுற்றும் வேகத்துக்கு. அவன் படகில் இருப்பது போன்ற பெரிய ப்ரொப்பெல்லருக்குச் சின்ன எண்தான் சரி. பெரிய எண் போட்டால் சூடேறி, மோட்டாருக்குக் கரண்டு விடும் வேகப்பெட்டி கருகி, நடுவில் நின்றுவிடும்.

அதன் பிறகுதான் அவனைக் கூட்டிப் போனேன்.

"நம்பர் பெருசா இருந்தா பவர் கூடத்தானே மச்சான்?"

"ஆமாலா. பெருசாவே எடு."

கடைக்காரர் கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தார். "பழைய ஸ்டாக்கத் தள்ளப் பாக்குறான்" என்று ஜெயபாலன் காதில் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

ஓட்டிப் பார்க்க நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவரவர் படகோடு போனோம். படகு அம்பு மாதிரிதான் போனது. "பாத்தீங்களா மச்சான்!" என்று குதித்தான். அப்புறம் புகை. குட்டை நடுவில் நின்றுவிட்டது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். நின்ற படகை உடையவன்தான் போய் எடுக்க வேண்டும். வேறு கை பட்டால் ராசி போய்விடும். அதற்கென்று ஒரு லாரி டியூப் வைத்திருக்கிறோம். ஒட்டுப் போட்ட இடத்தில் அது கசிவது எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதில் ஏறிக் கையால் துழாவிக்கொண்டு படகை நோக்கிப் போனான்.

"மச்சான், டியூப்பு இறங்குதுலா!"

ஈயக்குட்டையில் கரையை விட்டால் தரை கிடையாது. அவனுக்கு நீச்சலும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

புருசன் போன பிறகும் தவமணி எனக்குச் சோறு கொடுத்து அனுப்புகிறாள், அண்ணன் தனியாக இருக்கிறாரே என்று. மூடியைத் திறக்கவே கூசுகிறது. அதனால்தான் உங்கள் போலீஸ் ஸ்டேசனுக்கு நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அவன் எப்போதும் விளையாட்டுக்காரன். கத்தியதும் என்னைக் கேலி செய்யத்தான் என்று நினைத்தேன். என் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் நின்றது. பார்த்தாயா, நடிப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது.